எழுதிக்கொடுப்பவர் யார்?

வேதாகமம் தேவனுடைய வார்த்தை என்று நான் நம்புகிறேன். திருநெல்வேலிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இந்த நம்பிக்கை தாய்ப்பாலோடு வந்துவிடும். ஆனால் அப்படி நம்புவதற்கு என்ன அர்த்தம் என்பதை என் வயிற்றுப் பிழைப்புத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, ஊராருடைய கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் எல்லாவற்றையும் எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினவன்.

ஒரு கிரயப் பத்திரத்தில் இரண்டு தரப்பு உண்டு. எழுதிக்கொடுப்பவர் ஒருவர், எழுதி வாங்குபவர் ஒருவர். பேனாவைப் பிடித்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எழுதுகிற நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் என் பெயரும் உரிம எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். பத்திரம் முழுக்க "நான்" என்று வரும்; அந்த நான் நான் அல்ல. ஆனாலும் அது என் கையெழுத்து, என் நடை. கையால் எழுதின காலத்துப் பத்திரம் ஒன்றை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும், இது இன்னார் எழுதினது என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிடுவார்.

ஒருமுறை கைநாட்டு வைக்கிற பாட்டி ஒருத்தி தன் பேரனுக்கு வீட்டை எழுதிவைக்க வந்தாள். எழுதி முடித்ததும் முறைப்படி வாசித்துக் காட்டினேன். நான்கெல்லை வந்தபோது கையை நீட்டி நிறுத்தினாள். "வடக்கால முடுக்குல எனக்கு நடைபாதை உண்டு, அதைச் சேரு தம்பி" என்றாள். சேர்த்தேன். மறுபடி முழுதும் கேட்டாள். கட்டைவிரலை மையில் வைப்பதற்கு முன்னால், "எழுத்து உங்களுது தம்பி, சொல்லு என்னுது" என்றாள். எனக்கு உடனே ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது.

ரோமர் 16-ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. வாழ்த்துப் பட்டியல் என்று தள்ளிவிடுவார்கள். அந்தப் பட்டியலின் நடுவில் தெர்தியு என்று ஒருவர் திடீரென்று தலை நீட்டி, இந்த நிருபத்தை எழுதினவன் நான்தான் என்று சொல்லித் தன் வாழ்த்தையும் சேர்த்துக்கொள்கிறார். பவுலுடைய நிருபம், எழுதின கை தெர்தியுவுடையது. கலாத்தியருக்கு எழுதும்போது முடிவில் பவுல் தானே பேனாவை வாங்கி, எவ்வளவு பெரிய எழுத்தாக எழுதுகிறேன் பாருங்கள் என்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் காரணத்தையே சொல்லிவிடுகிறார். அவர் பெயரில் போலி நிருபம் வரக்கூடும் என்ற பயம் அங்கே இருந்திருக்கிறது. அதனால் தன் கையால் எழுதுகிற வாழ்த்துத்தான் ஒவ்வொரு நிருபத்துக்கும் அடையாளம் என்று குறிப்பிடுகிறார். எழுத்தர் ஒருவர், கையொப்பம் இடுகிறவர் ஒருவர், போலிக்குப் பாதுகாப்பு ஒன்று. என் மேசையில் தினமும் பார்க்கிற காரியம் பரிசுத்த வேதத்துக்குள் இருந்தது.

இந்த ஒப்புமை ஓர் இடத்துக்கு மேல் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டியின் பத்திரத்தில் என் சந்தோஷம், என் கோபம், என் மறதி எதற்கும் இடம் கிடையாது. வேதத்தை எழுதினவர்களுக்கு அப்படியல்ல. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் இன்னின்னாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று கணக்குச் சொல்லிவந்து, ஸ்தேவான் வீட்டாரை நடுவில் ஞாபகம் வந்து சேர்த்துவிட்டு, வேறு யாருக்கும் கொடுத்தேனா என்பது எனக்குத் தெரியவில்லை என்கிறார். அதே நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில், இது கர்த்தர் சொன்னது, இது நான் சொல்வது என்று பிரித்துக் காட்டுகிறார். லூக்கா தன் சுவிசேஷத்தைத் தரிசனம் கண்டதாகச் சொல்லித் தொடங்கவில்லை. கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து எழுதுகிறேன் என்று தெயோப்பிலுவுக்குச் சொல்லித் தொடங்குகிறார். எரேமியா தேவனிடமே சண்டை போடுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் எல்லா வேதவாக்கியமும் தேவனால் அருளப்பட்டது என்ற போதனையைத் தருகிற அதே பேனா, அடுத்த அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா என்று கேட்கிறது.

தேவ ஆவியானவர் இவர்களைத் தூங்கவைத்துவிட்டு அவர்கள் கையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் மூளை, ஞாபகம், கண்ணீர், படிப்பு, பட்ட அடி எல்லாவற்றோடும் சேர்த்து அவர்களை எடுத்துக்கொண்டார். இது நான் கண்டுபிடித்த உபதேசம் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளியிட்ட இறைவெளிப்பாட்டு ஏடு, எழுதின மனிதர்கள் தங்கள் ஆற்றல்களைப் பயன்படுத்தின உண்மையான ஆசிரியர்கள் என்கிறது. வேதத்தில் பிழையே இல்லை என்று அடித்துச் சொல்கிற சுவிசேஷ சபையார் 1978-இல் சிகாகோவில் கூடி அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களும் எழுதினவர்களின் தனித்தன்மையைத் தேவன் அழிக்கவில்லை என்றே எழுதிவைத்தார்கள். கத்தோலிக்கருக்கு 73 புத்தகம், எங்களுக்கு 66 புத்தகம். கணக்கில் வேறுபடுகிற இரண்டு தரப்பும் இந்த இடத்தில் ஒன்றாக நிற்கின்றன.

இதெல்லாம் என் மனதில் தெளிவாக இருந்த காலத்தில்தான் என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பாளையங்கோட்டையில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தாள். தோழி ஒருத்தியிடம் ஆங்கில வேதாகமம் வாங்கி வாசித்திருக்கிறாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கொண்டுவந்து விரித்து வைத்தாள். "அப்பா, மாற்கு பதினாறுல ஒன்பதாம் வசனத்துல இருந்து கடைசி வரைக்கும் பழைய பிரதியில இல்லைன்னு அடிக்குறிப்பு போட்டிருக்காங்க. பன்னிரண்டு வசனம். உங்ககிட்ட இப்படி ஒரு பத்திரம் வந்தா பதிவு பண்ணுவாங்களா?"

என் தொழிலை வைத்தே கேட்டாள். எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு எனக்கு மனப்பாடம். பத்திரத்தில் அடித்தல், திருத்தல், வரிகளுக்கு நடுவே சேர்த்தல், வெற்றிடம் எது இருந்தாலும் எழுதிக்கொடுப்பவர் கையொப்பமிட்டு ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு செய்ய மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. கலங்கிப்போனேன் என்பதை மறைக்கமாட்டேன். ஒரு வரி போனால் எல்லாம் போய்விடுமோ என்ற பயம்தான். அந்தப் பயத்தோடேயே சபை ஐயரிடம் போய்ப் புத்தகங்கள் கேட்டு வாங்கி வாசித்தேன்.

மகள் சொன்னது உண்மை. சீனாய் மலையடிவாரத்துப் புனித காத்தரின் மடத்தில் 19-ஆம் நூற்றாண்டில் டிஷண்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்டெடுத்த கையெழுத்துப் பிரதியிலும், வத்திக்கான் நூலகத்துப் பிரதியிலும் மாற்கு 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு முடிகிறது. இரண்டும் 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்லறைக்குப் போன பெண்கள் நடுநடுங்கி ஓடுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதோடு சரி. இன்னொன்றையும் அப்போது தெரிந்துகொண்டேன். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் யோவானின் முதலாம் நிருபம் 5-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தில், பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைப் பற்றி இருக்கிறதல்லவா, அது பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது. 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட எராஸ்முஸ் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து அது அச்சுக்கு அச்சு இறங்கி நம் கைக்கு வந்திருக்கிறது. திரித்துவத்துக்கு ஆதாரமாக ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் மனப்பாடம் செய்யக் கொடுத்த வசனம் அது.

தாய்ப்பத்திரம் தொலைந்துபோனால் நாங்கள் என்ன செய்வோம்? கையில் இருக்கிற நகல்களை எல்லாம் திரட்டி, எல்லை எல்லையாக ஒப்பிடுவோம். பவுல் கையொப்பமிட்ட தாள் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. ஆனால் புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் முழுதும் துண்டுமாக 5,000-க்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. எகிப்தில் எழுதியது, சிரியாவில் எழுதியது, ரோமாபுரியில் எழுதியது என்று பல தேசத்துப் பிரதிகள். எல்லாவற்றையும் திருத்தக்கூடிய ஒரே கை எங்கும் இருக்கவில்லை. அதனால்தான் ஒரு பிரதியில் நுழைந்த வரியை இன்னொரு பிரதி காட்டிக்கொடுக்கிறது. 1947-இல் சவக்கடல் ஓரத்துக் குகையில் ஆடு மேய்க்கிறவர்கள் கண்டெடுத்த ஏசாயா சுருள் ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 54 பத்திகள். அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எழுத்துக்கூட்டிலும் சிறு சொற்களிலும் நிறைய வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது அதே ஏசாயாதான்.

அடிக்குறிப்பு போட்டவர்களை விசுவாசத்தின் எதிரிகள் என்று சிலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பொறுக்கவில்லை. வரிக்கு நடுவில் சேர்ந்ததைச் சேர்ந்தது என்று குறித்துக் கையொப்பமிடுவதுதான் நேர்மையான பத்திரத்தின் இலக்கணம். மறைத்தால்தான் பத்திரம் செல்லாது. அந்த அறிஞர்கள் தேவனுடைய புத்தகத்துக்கு அந்த மரியாதையைச் செய்திருக்கிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பது மாற்குவின் அந்தப் பன்னிரண்டு வசனத்தை நம்பி நிற்கவில்லை. மத்தேயு, லூக்கா, யோவான் சொல்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னாலேயே, கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் பவுல் சாட்சிகளின் பட்டியலே கொடுத்துவிட்டார்.

மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். கூட உட்கார்ந்து எரேமியாவை வாசித்தோம். 32-ஆம் அதிகாரத்தில் ஒரு கிரயம் இருக்கிறது. என் தொழில்காரர்கள் எல்லாரும் வாசிக்க வேண்டிய இடம். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கச் சொல்லித் தேவன் கட்டளையிடுகிறார். 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கப்படுகிறது. பத்திரம் எழுதி முத்திரை போட்டு, சாட்சிகள் கையொப்பமிட்டு, முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என இரண்டையும் பாருக்கு என்ற எழுத்தர் கையில் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். 36-ஆம் அதிகாரத்தில் அதே பாருக்கு. எரேமியா சொல்லச் சொல்ல அவர் எழுதின சுருளை யோயாக்கீம் ராஜாவுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். குளிர்காலம், எதிரே கணப்பு எரிகிறது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுதும் சாம்பலாகிற வரைக்கும் இப்படியே நடக்கிறது. பிறகு எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் கொடுக்கிறார். எரிந்துபோன எல்லா வார்த்தையும் மறுபடி எழுதப்படுகிறது. முன்பு இல்லாத அநேக வார்த்தைகளும் சேர்க்கப்படுகின்றன.

மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மூலமே எரிஞ்சிருச்சு, வார்த்தை எரியலை" என்றாள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட அவள் எனக்குச் சொன்னது பெரிது.

பக்கத்து மேசைக்காரர் மேலப்பாளையத்து முஸ்லிம் பெரியவர், என் நெடுநாள் நண்பர். நான்கு சுவிசேஷங்களிலும் சிலுவையின் மேல் எழுதப்பட்ட பலகையின் வாசகம் நான்கு விதமாக இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டார். உள்ளதுதான். யூதருடைய ராஜா என்பது நான்கிலும் உண்டு, முன்னும் பின்னும் உள்ள சொற்கள் மாறுகின்றன. அவருடைய மார்க்கத்தில் குர்ஆன் சொல்லுக்குச் சொல் இறங்கியது. கிறிஸ்தவ விசுவாசத்தில் வார்த்தை என்பது முதலில் ஓர் ஆள். யோவான் தன் சுவிசேஷத்தை அப்படித்தான் தொடங்குகிறார். புத்தகம் அந்த ஆளுக்குச் சாட்சி. நான்கு சாட்சிகள் ஒரே வாசகத்தைக் கிளிப்பிள்ளை போலச் சொன்னால் கோர்ட்டில்கூடச் சந்தேகப்படுவார்கள் என்று அவருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் நம்பிக்கை அவருக்கு, என் நம்பிக்கை எனக்கு என்று டீ குடிக்கப் போனோம்.

இதுவரைக்கும் சொன்னது வேதம் எப்படி வந்தது என்பதைப் பற்றி. அதன் அதிகாரம் என்ன என்பதை அப்பா இறந்த பிறகுதான் அறிந்தேன்.

அப்பா உயில் எழுதவில்லை. அம்மா முன்னமே காலமாகிவிட்டார். அண்ணன், நான், தங்கை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவர்களுக்கு ஆண் பெண் வித்தியாசம் இல்லை, மூன்று பேருக்கும் சமபாகம். ஆனால் ஊர் வழக்கம் வேறு. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்படி எத்தனையோ அக்கா தங்கைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அண்ணன் சொன்னார்: "நீயே எழுதிரு. அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

அவள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். எனக்கும் ஆசை இருந்தது. கிணற்றையொட்டின வயல் அது. மகளுடைய கலியாணம் எதிரே நின்றது. விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் திருப்தியாகிவிடும். வேதம் திருப்தியாகவில்லை. எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம் எனக்குத் தெரியாததல்ல. செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று பெயர் பெயராகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அவர்கள் மோசேக்கு முன்னால், சபை முழுதும் பார்க்க வந்து நின்று, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லாததால் எங்களுக்குப் பங்கு இல்லாமல் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் சொல்கிறார். கதையாகச் சொன்ன காலமெல்லாம் அது ஐந்து பெண்களின் கதையாக இருந்தது. இப்போது வெற்று முத்திரைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அந்த ஐந்து பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என்னால் எழுத முடியவில்லை.

அண்ணனும் வேதம் தெரிந்தவர். எண்ணாகமம் 36-ஐத் திருப்பினார். அங்கே அந்தப் பெண்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே கலியாணம் செய்ய வேண்டும், நிலம் வெளியே போகக்கூடாது என்று ஒரு கட்டளை வருகிறது. தங்கையைக் கொடுத்த இடம் வேறு ஊர், வேறு குடும்பம். அப்படியானால் நிலம் வெளியே போகிறதல்லவா என்றார். அவர் குதர்க்கம் பேசவில்லை, நம்பித்தான் கேட்டார். நான் யோசுவா 17-ஐ எடுத்துக் காட்டினேன். 36-ஆம் அதிகாரம் அவர்கள் கலியாணத்துக்கு எல்லை போட்டதே தவிர, கொடுத்த நிலத்தைப் பிடுங்கவில்லை. கானானுக்குள் போனதும் அந்த ஐந்து பேரும் வந்து கேட்டு, சகோதரர் நடுவே தங்கள் பங்கை வாங்கிக்கொண்டார்கள். அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. மாதக்கணக்கில் பேசவில்லை என்றும் சொல்லலாம். பிறகு ஒருநாள் அவரே வந்து, மூன்று பாகமாகவே போட்டுவிடு என்றார். பாகப்பிரிவினைப் பத்திரத்தை மேலப்பாளையத்து நண்பர் எழுதினார். நான் அதில் ஒரு தரப்பு. என் பேனா அதில் படக்கூடாது என்று நினைத்தேன்.

வேதத்தின் அதிகாரம் சபை கொடுத்த சான்றிதழால் வருவதில்லை, வாசிக்கிறவன் உள்ளத்தில் ஆவியானவர் கொடுக்கிற சாட்சியால் உறுதியாகிறது என்று கால்வின் எழுதினார். அந்த வெற்றுத் தாளுக்கு முன்னால் நான் அறிந்தது அதைத்தான். வேதத்தை வைத்துப் பிறரை வாதத்தில் மடக்குகிறவர்கள் நிறையப் பேர். தன் ஆசைக்கு எதிராக அது பேசும்போது கீழ்ப்படிகிறவனே அதன் அதிகாரத்தை ஒத்துக்கொண்டவன். வாசிக்கும்போது என் நாக்கு தடுமாறுகிற பகுதிகள் இன்னும் உண்டு. 137-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைக் குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிக்க இன்றைக்கும் எனக்கு மனம் ஒப்பாது. அதற்காக அந்தப் பக்கத்தைக் கிழிக்கமாட்டேன். அடிபட்ட ஜனம் கதறுகிறது. அந்தக் கதறலையும் தேவன் மறைக்காமல் வைத்திருக்கிறார். சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன இயேசுவின் வெளிச்சத்தில் அதை வாசிக்கிறேன்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களையும் தாய் தகப்பன்மாரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் வேதாகமம் வானத்திலிருந்து கட்டுப்புத்தகமாக விழுந்ததுபோலச் சொல்லாதீர்கள். ரோமர் 16-ஐத் தாண்டிப் போகாமல் தெர்தியுவின் பெயரை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். சுருள் எரிந்ததையும் மறுபடி எழுதினதையும் கதையாகச் சொல்லுங்கள். மாற்கு 16 வரும்போது அடிக்குறிப்பை நீங்களே வாசித்துக் காட்டி விளக்குங்கள். கல்லூரிக்குப் போய் யார் வாயாலோ முதன்முதலில் கேட்டுக் கலங்குவதைவிட, அதை நம்புகிற உங்கள் வாயால் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.